கறுப்பு ஜன்னல் வைக்கலாம். முதலில் மேற்குச் சுவரைப் பாருங்கள்

கேள்வி: மதுரை நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வடக்குப் பார்த்த மனை. தரைத்தளச் சுவர் எழும்பிவிட்டது. அடுத்த வாரம் லின்டல் (ஜன்னல், கதவுகளுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) போடப் போகிறார்கள். எனக்கும் மகளுக்கும் கறுப்பு ஃபிரேம் போட்ட ஜன்னல்கள் மீது ஆசை. வெள்ளைச் சுவரில் மெல்லிய கறுப்புக் கோடுகளாக அவை தெரிவது அவ்வளவு அழகு. ஆனால் மேஸ்திரி, மதுரை வெயிலுக்குக் கறுப்பு ஆகாது, வீடே கொதிக்கும் என்கிறார். மாமியார், புது வீட்டுக்குக் கறுப்பு மங்கலம் இல்லை என்கிறார். ஜன்னல் கடைக்காரரோ அலுமினியம் வேண்டாம், கறுப்பு யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) போடுங்கள், சூடே இறங்காது என்கிறார். ஹாலில் மேற்குப் பக்கம் 6 அடி அகலம் 5 அடி உயரத்தில் ஒரு ஜன்னல் வருகிறது. மாடிப் படுக்கையறையில் நாகமலை தெரியும்படி மேற்கே 8 அடி அகலம் 6 அடி உயரத்துக்குக் கண்ணாடி வைக்க நினைக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு பள்ளி ஆசிரியை, மதுரை

பதில் தருபவர்: கட்டடக் கலைஞர்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது “அடுத்த வாரம் லின்டல்” என்ற வரிதான். ஜன்னலின் நிறத்தைப் பூச்சு வேலை முடியும்வரை தள்ளிப்போடலாம், ஒன்றும் கெட்டுவிடாது. மேற்கு ஜன்னல் எவ்வளவு பெரிது, அதன் மேல் வெயிலை மறைக்க நீட்டும் சன்ஷேடு எவ்வளவு நீளம் என்பதைத் தள்ளிப்போட முடியாது. லின்டலோடு சேர்த்துத்தான் சன்ஷேடும் வார்ப்பார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு அதை நீட்டுவதென்றால் உடைத்துக் கம்பி கட்ட வேண்டும், இல்லையேல் தகரம் அடிக்க வேண்டும். ஆகவே கடைக்குப் போவதைச் சில வாரம் ஒத்திவைத்துவிட்டு, இந்த வாரம் மேஸ்திரியோடு உட்காருங்கள்.

மேஸ்திரியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கறுப்புப் பூச்சு தன் மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைப் பூச்சு ஏறக்குறைய கால் பங்குதான் உறிஞ்சும். மேற்கு வெயில் நேராகப் படும் கறுப்பு அலுமினியம் மே மாதத்து மாலையில் 60 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். வெளிப்பக்கம் கை வைத்தால் சுரீரென்று இழுத்துக்கொள்வீர்கள். ஆனால் ஒரு ஜன்னலில் ஃபிரேம் பிடிக்கும் இடம் எவ்வளவு? மெல்லிய அலுமினியம் என்றால் மொத்தப் பரப்பில் 15 சதவீத அளவில்தான். மீதி முழுவதும் கண்ணாடி. வீட்டைக் கொதிக்கவைப்பது அந்தக் கண்ணாடி.

உங்கள் ஹால் ஜன்னலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6க்கு 5 என்றால் 30 சதுர அடி, அதாவது 2.8 சதுர மீட்டர். சித்திரை மாதத்தில் மேகமில்லாத மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 600 வாட்டுக்குக் குறையாமல் வெயில் விழும். சாதாரண வெள்ளைக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். ஃபிரேம் போகக் கண்ணாடிக்கு மட்டும் கணக்கிட்டாலே ஆயிரம் வாட்டுக்குமேல் வருகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு 3,500 வாட். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு ஜன்னலே தின்றுவிடும். ஃபிரேமைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற்றினால் இந்தத் தொகையில் மிகச் சிறிய பகுதிதான் குறையும். நிழல் விழும்படி செய்தால் பாதிக்குமேல் குறைக்கலாம். மேஸ்திரி எதைப் பார்த்துப் பயப்படுகிறாரோ அது உண்மை. பழி மட்டும் ஃபிரேம் மேல் விழுந்துவிட்டது.

இனி சன்ஷேடுக்கு வருகிறேன். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து ஓரிரு நாளிலும், மறுபடி ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் நடு உச்சியைக் கடக்கிறது. அந்தக் காலத்தில் பிற்பகல் மூன்றேகால் மணி வாக்கில் அது 45 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். நான்கேகாலுக்கு 30 பாகை. வழக்கமாக மேஸ்திரிகள் போடும் 2 அடி சன்ஷேடு மூன்றேகால் மணிக்கு 2 அடி உயரத்துக்கு நிழல் தரும். நான்கேகாலுக்கு ஓர் அடியைச் சற்றே தாண்டும். ஐந்தேகாலுக்கு அரை அடிதான். உங்கள் ஜன்னலின் உயரமோ 5 அடி. வெயில் சுடும் நேரத்தில் கண்ணாடியின் பெரும்பகுதி திறந்த வெளியில்தான் நிற்கும். அதே 2 அடி சன்ஷேடு தெற்கில் வெகு நன்றாக வேலை செய்யும். மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 57 பாகை உயரத்தில் நிற்கும்போது அது 3 அடிக்கு நிழல் போடும். அந்த வெயிலும் சுகமான வெயில். வடக்கே ஆனி மாதத்தில் சூரியன் சற்று எட்டிப் பார்ப்பதற்கும் 2 அடி தாராளம். நான்கு பக்கத்துக்கும் ஒரே அளவு சன்ஷேடு என்று வரைபடத்தில் போட்டிருந்தால் மேற்கை மட்டுமாவது அடித்து எழுதுங்கள்.

ஹாலின் மேற்கு ஜன்னலை 4 அடி அகலம், 3 அடி உயரம் என்று சுருக்கிவிடுங்கள். குறைந்த பரப்பை வாசல் பக்கமான வடக்குச் சுவரில் கூட்டிக்கொள்ளலாம். வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் கண்ணைக் கூசாமல் வரும். பேப்பர் திருத்துகிறவர் உங்களுக்கு அது பிடிக்கும். ஆனால் மேற்கு ஜன்னலை முற்றிலும் எடுத்துவிட வேண்டாம். ஆனி, ஆடியில் நமக்குக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகிறது. அந்தக் காற்றுக்கு உள்ளே வர ஒரு வழி வேண்டும்.

மாடிப் படுக்கையறைதான் எனக்குக் கவலை தருகிறது. 8க்கு 6 என்றால் 48 சதுர அடிக் கண்ணாடி. மொட்டைமாடித் தளத்தின் சூடு மேலே. மேற்கு வெயில் பக்கத்தில். அந்த அறையில் இரவு 10 மணிவரை மனிதர் படுக்க முடியாது. மலை தெரிய வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். வீட்டுக்குள்ளிருந்து நாகமலையைப் பார்க்கக் கிடைப்பது பாக்கியம். ஆனால் அந்த மலை எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் மாலை மாடி மட்டத்தில் நின்று பாருங்கள். நீளமாகப் படுத்திருக்கும் மலை அது. உயரமாக எழும்பி நிற்பதில்லை. அதைப் பார்க்க அகலம் வேண்டும், உயரம் வேண்டாம். 8 அடி அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உயரத்தை 3 அடியாகக் குறையுங்கள். தரையிலிருந்து 3 அடியில் தொடங்கி 6 அடியில் முடியட்டும். நின்றாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் மலை முழுவதும் தெரியும், கண்ணாடி பாதியாகிவிடும். அந்த 6 அடி மட்டத்திலேயே 3 அடி சன்ஷேடு வார்த்துவிட்டால் மூன்றேகால் மணிவரை கண்ணாடி முழுக்க நிழலில் இருக்கும், நான்கேகாலுக்கும் பாதிக்குமேல் நிழல். சன்ஷேடு அவ்வளவு நீளுவதால் கம்பியைப் பொறியாளரிடம் கேட்டுப் போட வேண்டும். மேஸ்திரியின் கைக்கணக்குக்கு விடாதீர்கள். மேலே கூரையை ஒட்டி, தேங்கும் சூடு வெளியேற இரண்டு சிறிய வென்டிலேட்டர்கள் இருக்கட்டும்.

நான்கரை மணிக்குமேல் வரும் சாய்வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அதற்கு வெளிப்பக்கம் மறைப்பு வேண்டும். மூங்கில் தட்டி போதும்; சன்ஷேடின் அடியில் இரண்டு கொக்கி விட்டுவைத்தால் மாலையில் இறக்கி, சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சுருட்டிவிடலாம். உள்ளே திரை போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுடவைத்து, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். தடுப்பதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். மேற்கில் இடமிருந்தால் ஒரு புங்கை வையுங்கள்; தரைத்தளத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இவ்வளவும் முடிவான பிறகு நிறத்துக்கு வருவோம். நிழலில் நிற்கும் ஜன்னலுக்குக் கறுப்பு தாராளமாகப் போடலாம். உங்கள் ஆசை நிறைவேறுவதில் எனக்குத் தடையே இல்லை. கறுப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பகலில் உள்ளேயிருந்து பார்க்கும்போது வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் எந்த நிற ஃபிரேமும் சற்று இருண்டுதான் தெரியும். வெள்ளை ஃபிரேம் சாம்பலாகி உறுத்தும். கறுப்பு ஃபிரேம் கண்ணிலிருந்து நழுவிவிடும், பார்வை நேராக மலைக்குப் போகும். ஜன்னலின் பக்கவாட்டுச் சுவர்த் தடிப்புக்கு மட்டும் வெள்ளை அடித்துவையுங்கள். கண்கூச்சம் குறையும்.

அந்தக் கறுப்பு ஜன்னல்களில் உங்களைக் கவர்ந்தது கறுப்பு மட்டும் இல்லை, கோட்டின் மெலிவும்தான். அந்த மெலிவு இரும்பிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் கிரிட்டால் குடும்பத்தார் 1884-இல் உலோக ஜன்னல்கள் செய்யத் தொடங்கினார்கள். இரும்புக்கு வலு அதிகம் என்பதால் மரத்தைவிட மிகச் சன்னமான சட்டத்தில் பெரிய கண்ணாடியைத் தாங்க முடிந்தது. அது தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவி, இப்போது வீடுகளில் அழகுக்காகத் திரும்பி வந்திருக்கிறது. அந்த ஊரில் டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் 15 பாகைக்குமேல் ஏறாது. கிடைக்கிற வெயிலையெல்லாம் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள அவர்களுக்குப் பெரிய கண்ணாடி வேண்டியிருக்கிறது. அவர்களுடைய கோட்டை நாம் வாங்கிக்கொள்ளலாம். அவர்களுடைய கண்ணாடி அளவை வாங்கிக்கொள்ளக் கூடாது.

இந்த மெலிவு யூபிவிசியில் கிடைக்காது. நிலையும் ஷட்டருமாகச் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் தடிக்கும். அதைக் கறுப்பாக்கினால் ஜன்னல் கனத்துத் தெரியும். வெள்ளை யூபிவிசி நல்ல பொருள்தான், சூடு கடத்துவதும் குறைவு. கடைக்காரர் சொல்வதில் அதுவரை சரி. கறுப்பு என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைச் சட்டத்தின் மேல் கறுப்புத் தாளை ஒட்டியது. யூபிவிசி 75, 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் பொருள். வெயிலில் அது நீளுவதும் அதிகம். 6 அடிச் சட்டம் ஒன்று 40 டிகிரி ஏறி இறங்கினால் அலுமினியம் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும், யூபிவிசி 5 மி.மீ. நீளும். நான் பார்த்த ஒரு வீட்டில் மேற்கு முகமாக வைத்த கறுப்பு யூபிவிசி ஸ்லைடிங் கதவு, வில்லாக வளைந்து, மேலும் கீழும் பொருந்தி நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது. மாலையில் பூட்டு விழாது, விடியற்காலையில் விழும். உள்ளே இரும்புச் சட்டம் வைக்காமல் செய்து கொடுத்திருந்தார்கள். யூபிவிசிதான் என்று முடிவெடுத்தால் மேற்குச் சுவருக்கு மட்டும் வெள்ளையோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் துத்தநாகம் பூசிய இரும்பு போகிறதா என்று வெட்டின துண்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரும்பு ஜன்னல் இன்றும் நம்மூர் வெல்டிங் பட்டறைகளில் செய்ய முடிந்ததுதான். கடல் தொலைவில் இருப்பதால் ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ துருப்பிடிக்கிற வேகம் மதுரையில் இல்லை. ஆனாலும் ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பூசிய இரும்புக்கு நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பெயின்ட் அடித்தாக வேண்டும். அந்தப் பராமரிப்பை மனதார ஏற்கிறவர்களுக்குச் சொல்வேன். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தேக்கில் செய்து கறுப்பு அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள், தேக்குக்கு மரியாதையில்லை.

ஆக, உங்களுக்கு அலுமினியம். கறுப்பு அலுமினியத்தில் தரம் முழுவதும் பவுடர் கோட்டிங்கில் இருக்கிறது. அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சட்டத்தைக் கழுவி, ரசாயனத்தில் முக்கி எடுத்து, மேலே பொடியைத் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் சுடுவதுதான் பவுடர் கோட்டிங். முக்கி எடுக்கும் வேலையைத் தவிர்த்தால் பூச்சு அலுமினியத்தைப் பிடிக்காது. அடுப்புச் சூடு போதாவிட்டால் பூச்சு வேகாது. பொடியிலும் இரண்டு சாதி உண்டு. எபாக்ஸி பொடி வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு; வெயில் பட்டால் சில மாதங்களிலேயே சாம்பல் பூத்துவிடும். வெளி ஜன்னலுக்கு பாலியெஸ்டர் பொடிதான் போட வேண்டும். கறுப்பு நிறத்தில் அந்தச் சாம்பல் பூத்தது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கை வைத்தால் கரும்பலகையைத் துடைத்த மாதிரி விரலில் ஒட்டும்.

கடையில் உங்களுக்குக் காட்டும் மாதிரி ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வேலைக்கு வந்த சட்டத்தில் வெட்டி மிஞ்சிய ஒரு சாண் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறேழு கோடுகள் கீறி, சிறு சிறு கட்டங்கள் ஆக்குங்கள். அழுத்தமாக செல்லோ டேப்பை ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் கழுவல் சரியில்லை. பிறகு பஞ்சில் தின்னர் நனைத்து இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். பஞ்சு லேசாக அழுக்கானால் பரவாயில்லை. கன்னங்கரேலென்று ஆகி, தேய்த்த இடம் மங்கி இளகினால் பூச்சு வேகவில்லை. கடைசியாகத் துண்டின் உள்மூலைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பொடி ஆழமான பள்ளத்துக்குள் எளிதில் போகாது. அவசர வேலை என்றால் அந்த இடுக்கில் வெள்ளி மின்னும். பூச்சின் கனம் 60 முதல் 80 மைக்ரான் இருக்க வேண்டும். அதை அளக்கும் சிறு கருவி நல்ல பட்டறைகளில் இருக்கும். அளந்து காட்டச் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சட்டத்தின் தகடு கனமும் முக்கியம். மாடியின் 8 அடி ஜன்னலுக்கு ஒன்றரை மி.மீ.க்குக் குறையக் கூடாது. கிலோ கணக்கில் விற்கும் பொருள் என்பதால் கனம் குறைந்தால் லாபம் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

கறுப்பில் எந்தக் கறுப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறங்களுக்கு எண் கொடுக்கும் ரால் வண்ண அட்டையில் ரால் 9005 என்பது அச்சு மையைப் போன்ற முழுக் கறுப்பு. ரால் 7016 நிலக்கரிச் சாம்பல், ரால் 8022 பழுப்போடிய கறுப்பு. வெள்ளைச் சுவரில் வெயில் அடிக்கும்போது இந்த மூன்றும் தெருவிலிருந்து பார்க்கக் கறுப்பாகத்தான் தெரியும். சூட்டிலும் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூசிதான் வித்தியாசம் காட்டும். ஆடிக் காற்றில் நாகமலைப் பக்கத்துச் செம்மண் புழுதி முழுக் கறுப்பின் மேல் ஒரு நாளில் படிந்து தெரியும். பழுப்போடிய கறுப்பில் ஒரு வாரம் தாங்கும். என்னைக் கேட்டால் ரால் 8022, பளபளப்பு இல்லாதது, சொரசொரப்பும் இல்லாதது. சொரசொரப்பான பூச்சு கீறலை மறைக்கும் என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொரசொரப்பில் புழுதி உட்கார்ந்துவிட்டால் துணி இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

கழிவறை வென்டிலேட்டர்களுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் கறுப்பு வேண்டாம். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். ஒரு சுவரில் ஒருசேரக் கண்ணில் படுகிற ஜன்னல்கள் ஒரே நிறமாக இருந்தால் போதும்.

கண்ணாடிக்கு ஓர் எண் கேளுங்கள். வெயிலின் சூட்டில் எவ்வளவு பங்கை உள்ளே விடும் என்பதைச் சொல்லும் எண் அது. எஸ்எச்ஜிசி என்பார்கள். சாதாரணக் கண்ணாடிக்கு 0.8 இருக்கும். மேற்கு ஜன்னல்களுக்கு 0.4க்குள் இருக்கிற சோலார் கன்ட்ரோல் கண்ணாடி வாங்குங்கள், டஃபன் செய்ததாக, அதாவது சூடேற்றி வலுவாக்கியதாக. வெளிச்சம் எவ்வளவு விடும் என்பதையும் கூடவே கேளுங்கள். பாதியளவாவது விட வேண்டும். கறுப்பு ஃபிரேமுக்குப் பொருத்தம் என்று சொல்லி அடர்ந்த பிரவுன் கண்ணாடியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பகலில் லைட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். வடக்குக்கும் கிழக்குக்கும் சாதாரண வெள்ளைக் கண்ணாடியே போதும். அங்கே காசை வீணாக்க வேண்டாம்.

திறக்கும் விதத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நிறத்தைவிட இது பெரிய விஷயம். ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு பெரிதானாலும் பாதிதான் திறக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில் திறக்கும் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மாதிரிச் சிறிய மனைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் நல்ல அளவுகோல். ஹால் 12க்கு 15 என்றால் 30 சதுர அடி திறக்க வேண்டும். ஸ்லைடிங் போட்டால் 60 சதுர அடிக்கு ஜன்னல் வைக்க வேண்டியிருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னலே போடுங்கள். ஆடிக் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி, திறந்த கதவைப் பிடித்து நிறுத்தும் நல்ல ஸ்டே வேண்டும். இதில் மலிவு பார்க்காதீர்கள். மலைப் பக்கத்து 8 அடியில் நடுவில் 4 அடியை அசையாக் கண்ணாடியாக வைத்து இரு ஓரங்களை மட்டும் திறப்பாக விடலாம்.

கிரில் உள்பக்கம் வரட்டும். பூவும் கொடியும் வளைவும் வேண்டாம். 12 மி.மீ. சதுரக் கம்பி, 4 அங்குல இடைவெளியில், நேர்க்கம்பிகள் மட்டும், ஃபிரேமின் அதே நிறத்தில். ஜன்னலின் நடுச்சட்டமும் கிரில்லின் ஒரு கம்பியும் ஒரே கோட்டில் வரும்படி வெல்டரிடம் அளவு கொடுங்கள். இரண்டும் தப்பினால் எவ்வளவு செலவழித்தாலும் ஜன்னல் குழம்பித் தெரியும். கொசு வலையையும் கறுப்பாகவே வாங்குங்கள். வெள்ளை வலை வெளிச்சத்தில் மினுங்கிக் கண்ணை மறைக்கும். கறுப்பு வலை வழியே மலை தெளிவாகத் தெரியும்.

உங்கள் மாமியார் சொன்னதைக் கடைசியில் வைத்தேன் என்று அவரைச் சாமானியமாக எண்ணியதாகக் கொள்ள வேண்டாம். அந்த வீட்டில் பகல் முழுவதும் இருக்கப் போகிறவர் அவர்தான். தலைவாசல் நிலையும் கதவும் நல்ல மரத்தில், மஞ்சள் குங்குமம் வைக்கிற வாசல்படியோடு இருக்கட்டும். பூஜை அறைப் பக்கத்து ஜன்னலையும் மரத்திலேயே செய்யுங்கள். அங்கே கறுப்பை நுழைக்காதீர்கள். மற்ற ஜன்னல்களுக்கு அவரை ஒருமுறை மாசி வீதிகள் பக்கம் அழைத்துப் போங்கள். பழைய வீடுகளில் மர நிலைக்குள் கறுப்பு அடித்த இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்பதை அவர் சிறு வயதிலிருந்து பார்த்திருப்பார். அழகர்மலைக்குப் போனால் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் நின்று கும்பிடாமல் வருகிற குடும்பம் மதுரையில் ஏது? இதையெல்லாம் வாதமாக வைக்காமல், அவருடைய அறைக்கு அவர் கேட்கிற நிறத்தையே போட்டுவிட்டுப் பேசினால் மற்றவற்றுக்கு அவரே ஒத்துக்கொள்வார். அவருடைய அறை மேற்குச் சுவரை ஒட்டி வராதபடி பார்த்துக்கொள்வது நிறத்தைவிட முக்கியம்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பூச்சு வேலையும் முதல் கோட்டு பெயின்ட்டும் முடிந்த பிறகுதான் ஜன்னலை மாட்ட வேண்டும். ஈரச் சிமென்ட் அலுமினியத்தை அரிக்கும். கறுப்புப் பூச்சில் விழுந்த சாந்து காய்ந்தால் வெள்ளைத் தழும்பு போகாது. ஜன்னலின் அடிச்சுவரைக் கிரானைட் பதிக்கும்போது வெளிப்பக்கம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். மழைநீர் அந்தக் கோட்டோடு சொட்டிவிடும், ஜன்னலுக்கு வராது. கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். பட்டி பார்க்கிறவர்கள் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஹாலுக்குள் வரும்போதுதான் தெரியும். சட்டத்தின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளை மாட்டின சில வாரங்களுக்குள் உரித்துவிட வேண்டும். கிரகப்பிரவேசம்வரை அழகாக இருக்கட்டும் என்று விட்டால் வெயிலில் பசை வெந்து கறுப்போடு ஒட்டிக்கொள்ளும்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் டைல்ஸ் கழுவ ஆசிட் கொண்டுவருவார்கள். ஜன்னல் மாட்டின வீட்டுக்குள் அதை அனுமதிக்காதீர்கள். தெறித்த துளி மட்டுமில்லை, மூடிய அறையில் எழும் புகையே சட்டத்தையும் ரோலரையும் கெடுக்கும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கடைசித் துடைப்புக்கு மட்டும் போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டுக் குடிநீரைத் தொட்டுத் துடையுங்கள்.

கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போது பொடியின் வகை, மைக்ரான், தகடு கனம், கண்ணாடியின் எண், நிறத்தின் எண், எத்தனை வருட உத்தரவாதம் ஆகியவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு நேரம் இருக்கிறது. லின்டலுக்குத்தான் நேரமில்லை: மேற்கு ஜன்னலின் புதிய அளவையும் சன்ஷேடு நீளத்தையும் ஒரு தாளில் வரைந்து, நாளைக் காலையிலேயே மேஸ்திரி கையில் கொடுத்துவிடுங்கள்.